பதினேழு நொடி வேலை

குற்றப்பத்திரிகை ஒன்றரைப் பக்கம் இருந்தது. அதில் ஸ்கேன் அக்கா மூன்று முறை வாசித்தது ஒரே ஒரு வரியைத்தான்: ‘பதினேழு நொடியில் முடிய வேண்டிய பணிக்குத் தாங்கள் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொண்டுள்ளீர்கள். மீதமுள்ள பதினான்கு நிமிடம் நாற்பத்து மூன்று நொடியில் தாங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதை ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கவும். தவறினால் பணிநீக்கம் செய்யப்படுவீர்கள்.’

முதல் முறை வாசித்தபோது புரியவில்லை. இரண்டாம் முறை சிரிப்பு வந்தது. மூன்றாம் முறை வாசித்து முடிப்பதற்குள் காகிதத்தின் ஓரம் கசங்கியிருந்தது. அதை அவளேதான் கசக்கியிருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கிளை மருத்துவமனையில் அவளுக்கு இது பதினோராவது வருடம். அவளைவிட இருபது வயது மூத்த நோயாளிகள் உட்பட எல்லாருக்கும் அவள் ஸ்கேன் அக்காதான். ஆளைப் படுக்கவைத்து வளையத்துக்குள் அனுப்பி, “தலையை அசைக்காதீங்க, அவ்வளவுதான், முடிஞ்சுது” என்று சொல்லி, தலையை நானூறு துண்டாகப் படம் எடுப்பாள். படத்தைப் படித்துச் சொல்லும் டாக்டர் இங்கே கிடையாது. அவர் நாற்பது கிலோமீட்டர் தள்ளித் தலைமை மருத்துவமனையில் இருக்கிறார். எனவே நானூறு படத்தையும் தேர்ந்தெடுத்து ‘அனுப்பு’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். பிறகு திரையில் ஒரு பச்சைப் பட்டை இடமிருந்து வலமாக ஊரும். அது நகர்கிறதா இல்லையா என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது.

போன மாதம் ஒரு பஸ் டிரைவரைக் கொண்டுவந்தார்கள். காலை வண்டியை எடுத்தவருக்கு வாய் ஒரு பக்கம் கோணி, வலது கை ஸ்டியரிங்கை விட்டு நழுவியிருக்கிறது. நல்லவேளை, வண்டி நிறுத்தத்தில்தான் நின்றிருந்தது. அவரைக் கொண்டுவரவே வெகு நேரம் ஆகிவிட்டது. பதினொன்று ஆறுக்கு அக்கா பொத்தானை அழுத்தினாள். பதினொன்று இருபத்தொன்றுக்குப் படம் போய்ச் சேர்ந்தது. மூன்றே நிமிடத்தில் டாக்டர் மருந்தைச் சொன்னார். டிரைவர் பிழைத்துக்கொண்டார். வலது கை மட்டும் இன்னும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. அந்தப் பதினைந்து நிமிடம் முன்னாலேயே மருந்து ஏறியிருந்தால் கை கேட்டிருக்குமா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் டாக்டர் தன் குறிப்பில் ‘படம் தாமதமாக வந்தது’ என்று எழுதிவிட்டார். தாமதம் என்று ஒன்று எழுத்தில் வந்துவிட்டால் அதற்கு ஓர் ஆள் வேண்டும். பொத்தானை அழுத்திய விரல் யாருடையது என்று பார்த்தார்கள். ஆள் கிடைத்துவிட்டாள்.

அந்தப் பதினேழு நொடியைக் கண்டுபிடித்தவர் கணினிப் பிரிவின் மேலாளர். ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் லேமினேஷன். அவர் கைக்கு ஒரு காகிதம் சிக்கினால் அது பிளாஸ்டிக் உறைக்குள் போகாமல் தப்பாது. ‘கதவை மெதுவாகச் சாத்தவும்’ லேமினேட் ஆகியிருந்தது. ‘கடவுச்சொல்லைச் சுவரில் எழுதாதீர்’ லேமினேட் ஆகிச் சுவரில் இருந்தது. ஸ்கேன் அறைச் சுவரிலும் அவர் ஒட்டிய அட்டை ஒன்று உண்டு. தலைப்பு: ‘வேக மாற்ற அட்டவணை’. இடது பக்கம் தொலைபேசிக் கம்பெனிக்காரர்கள் சொல்லும் லைன் பெயர்கள். வலது பக்கம் அது நம் கட்டடத்து நெட்வொர்க் அளவில் எவ்வளவு என்ற கணக்கு. அதன் முதல் வரி, ‘ஒரு ஈ-ஒன் லைன் = நூறு மெகாபிட்’. பக்கத்தில் அடைப்புக்குள், ‘சோதிக்கப்பட்டது’.

இரண்டு வருடத்தில் அக்கா முப்பத்தெட்டு புகார் கொடுத்திருந்தாள். படம் போக நேரமாகிறது, படம் போக நேரமாகிறது என்று முப்பத்தெட்டு தடவை. முப்பத்தெட்டுக்கும் ஒரே பதில்தான் வந்தது: ‘வேகம் சோதிக்கப்பட்டது. நூறு உள்ளது. பயன்படுத்துபவரின் பிழை.’ ஒரு முறை நேரிலேயே கேட்டாள்.

“சார், நூறுன்னு சொல்றீங்க, பட்டை நத்தை மாதிரி போகுது. வந்து ஒரு தடவை பாருங்களேன்.”

“பார்க்கிறதுக்கு என்னம்மா இருக்கு? நூறு நூறுதான். நீங்க பொத்தானை எப்படி அழுத்துறீங்க?”

“விரலாலதான் சார்.”

“அழுத்திட்டு உடனே எடுத்துடணும். பிடிச்சுக்கிட்டே இருக்கக் கூடாது.”

மறுநாள் அதுவும் லேமினேட் ஆகி வந்தது.

இப்போது நானூறு படத்தின் மொத்த அளவை நூறால் வகுத்து, பதினேழு நொடி என்று கண்டுபிடித்து, அதைப் பதினைந்து நிமிடத்திலிருந்து கழித்து, மீதியை நாளொன்றுக்குப் பன்னிரண்டு ஸ்கேன் என்று பெருக்கியிருந்தார். ‘தினமும் இரண்டு மணி ஐம்பத்தாறு நிமிடம் முப்பத்தாறு நொடி வேலை நேரம் வீணடிக்கப்பட்டுள்ளது.’ அந்த முப்பத்தாறு நொடியைப் பார்த்ததும்தான் அக்காவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஒருவன் பொய் சொல்வதைப் பொறுத்துக்கொள்ளலாம். நொடி சுத்தமாகச் சொல்வதை எப்படிப் பொறுப்பது?

காகிதத்தை மடித்துக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தாள். எதிரே பிசியோதெரபி அறை. அதன் வாசலில் போட்டிருந்த நீள பெஞ்சில் டிரைவரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். செவ்வாயும் வெள்ளியும் கணவனைக் கை பயிற்சிக்குக் கூட்டிவருவாள். பார்க்கும்போதெல்லாம் தலையசைப்பவள் அன்றைக்கு எழுந்து நின்றாள்.

“நீதானேம்மா அன்னிக்குப் படம் எடுத்தது?”

“ஆமாங்க.”

“ஆபீஸ்ல சொன்னாங்க. பதினேழு நொடி வேலையாமே.” அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. “பதினஞ்சு நிமிஷம் என்னம்மா பண்ணிட்டிருந்தே? போன் பேசிட்டிருந்தியா? சொல்லிடு. நான் சண்டைக்கு வரல. எனக்குத் தெரிஞ்சா போதும்.”

அக்கா கையிலிருந்த காகிதத்தை இன்னொரு மடிப்பு மடித்தாள். ‘பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்’ என்பதைப் பதிலாக யாரும் ஏற்க மாட்டார்கள். அறைக்குள் பயிற்சியாளர், “விரலை மடக்குங்க, மடக்குங்க, இன்னும் கொஞ்சம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். எதுவும் மடங்கியதாகத் தெரியவில்லை.

அன்று மாலை அவள் வீட்டுக்குள் நுழைந்த விதத்திலேயே கணவருக்கு விஷயம் பெரிது என்று புரிந்துவிட்டது. அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். பகல் முழுக்க அடுத்தவர் தப்பைத் திருத்திவிட்டு வருவதால் வீட்டில் யாருடைய தப்பையும் கண்டுகொள்ளாத சமாதானப் பிரியர்.

குற்றப்பத்திரிகையை முழுக்க வாசித்தார். “இதுல ரெண்டு இடத்துல ஒற்று விட்டுப் போயிருக்கு” என்றார்.

அவள் அவரையே பார்த்தாள்.

“சரி, சரி. நான் என்ன சொல்றேன்னா, மன்னிப்புன்னு நாலு வரி எழுதிக் கொடுத்துடு. இனிமே சீக்கிரம் அனுப்பறேன்னு சொல்லிடு. முடிஞ்சுது.”

“எப்படிங்க சீக்கிரம் அனுப்பறது? பின்னாடி நின்னு தள்ளவா?”

“ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.”

“செய்யாத தப்புக்கு மன்னிப்பு எழுதினா, அந்தக் கை என்னாலதான் போச்சுன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. அந்தம்மா வாரத்துக்கு ரெண்டு நாள் எதிர்ல உக்காந்திருக்காங்க. அவங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?”

அவர் அதற்குள் ஒரு தாளில் நாலு வரி எழுதி, மூன்றாவது வரியில் ஒரு காற்புள்ளியைத் திருத்திக்கொண்டிருந்தார். அவள் அந்தத் தாளை வாங்கி நான்காகக் கிழித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கொழுந்தன் வந்தான். கணவரின் தம்பி. தொலைபேசிக் கம்பெனியில் லைன் இழுக்கும் டெக்னீஷியன். வாரத்தில் நாலு நாள் வேலை முடிந்து நேராக இங்கேதான் வருவான். இடுப்பில் கருவிப் பையும், கழுத்தில் பழைய ஒயர்ச் சுருளும், முகத்தில் பசியுமாக வருவதால் வீட்டில் அவன் பெயர் ஒயர்.

“என்ன அண்ணி, வீடு அமைதியா இருக்கு? அண்ணனைக் கொன்னுட்டீங்களா?”

“அடுத்தது நீ. உக்காரு.”

அவன் உட்கார்ந்து, குற்றப்பத்திரிகையை எடுத்து, கால் ஆட்டிக்கொண்டே வாசித்தான். பாதியில் கால் நின்றது. பிறகு விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தான்.

“நூறா? ஈ-ஒன்ல நூறா? யாரு அண்ணி இந்த மகான்? அது ரெண்டு அண்ணி. ரெண்டே ரெண்டு மெகாபிட்.”

“என்னடா சொல்றே?”

“நாங்க லைனை எப்படி எண்ணுவோம் தெரியுமா? போன் பேச்சுல எண்ணுவோம். ஒரு ஆள் போன்ல பேசினா அறுபத்துநாலாயிரம் பிட் போகும், ஒரு நொடிக்கு. அந்த மாதிரி முப்பத்திரண்டு பேச்சைக் கோத்தா அதுதான் ஒரு ஈ-ஒன். முப்பத்திரண்டு பெட்டி கோத்த ரயில்னு வெச்சுக்குங்களேன். அதுல ஒரு பெட்டி கொடி காட்டற கார்டுக்கு. மீதி முப்பத்தொண்ணுலதான் சரக்கு. பெருக்கிப் பாருங்க, ரெண்டு கூட முழுசா வராது.”

“அப்ப நூறுங்கறது?”

“அது உங்க கட்டடத்துக்குள்ள இருக்கற நெட்வொர்க் கணக்கு. அவங்க பத்து, நூறு, ஆயிரம்னு எண்ணுவாங்க. ரெண்டையும் இணைக்க நடுவுல, மேஜைக்கு அடியில, ஒரு கன்வெர்ட்டர் பெட்டி வெச்சிருக்கோம். பெட்டிக்கு முன்னாடி உங்க ஒயர். பின்னாடி எங்க லைன். முன்னாடி சொருகற துளை நூறுக்கானது, அதனால பச்சை விளக்கு ‘நூறு’ன்னு எரியும். பின்னாடி போறது ரெண்டு. உங்க ஆளு மேஜையிலேருந்து பெட்டி வரைக்கும் டெஸ்ட் பண்ணியிருப்பான்.”

“அது மூணு முழம்டா.”

“ஆங். அந்த மூணு முழத்துக்கு நூறு கரெக்டு.”

இரண்டு வருடம், முப்பத்தெட்டு புகார், சுவரில் லேமினேட் ஆன ஓர் அட்டவணை, பெஞ்சில் எழுந்து நின்ற ஒரு பெண். எல்லாம் ஒருவன் மூன்று முழ ஒயரை அளந்துவிட்டு நாற்பது கிலோமீட்டருக்குக் கையெழுத்துப் போட்டதால் வந்தது. அவளுக்குள் ஏதோ கொதித்து மேலே வந்தது. வந்த வழியில் வேறொரு கேள்வி அதை இடித்து நிறுத்தியது.

“ஆமா, இந்த விவரமெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? எங்க ஆஸ்பத்திரிப் பெட்டி எப்படி இருக்கும்னு?”

கொழுந்தன் கால் ஆட்டுவதை மறுபடி நிறுத்தினான். “நான்தானே அண்ணி மாட்டினேன்.”

கணவர் மெல்ல எழுந்து சமையலறைப் பக்கம் போய்விட்டார்.

“நீ மாட்டினியா.”

“ஆர்டர்ல ஒரு ஈ-ஒன்னு இருந்துச்சு. போய்ப் போட்டேன். நீங்க அன்னிக்கு லீவு.”

“ரெண்டு வருஷமா இந்த வீட்ல உக்காந்து சாப்பிடறே. ரெண்டு வருஷமா நான் ‘படம் போக மாட்டேங்குது, படம் போக மாட்டேங்குது’ன்னு இதே இடத்துல நின்னு புலம்பறேன். உன் காதுல என்ன பஞ்சா வெச்சிருந்தே?”

“நீங்க ஆபீஸைத் திட்டறீங்கன்னு நெனச்சேன் அண்ணி. எல்லாரும் ஆபீஸைத் திட்டறதுதானே. யாராவது ‘ஏண்டா, எத்தனை மெகாபிட்’னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

“கேக்கணுமோ! மனு போட்டுக் கேக்கணுமோ!”

கழுத்திலிருந்த ஒயர்ச் சுருளைப் பிடித்து இழுத்தாள். அவன் நாற்காலியோடு முன்னால் வந்தான்.

“விடுங்க அண்ணி, விடுங்க. நான் பெட்டி மேல மார்க்கர்ல பெருசா எழுதிட்டுத்தான் வந்தேன். ‘ஈ-ஒன், 2 எம்’னு. சத்தியமா. தேதியும் போட்டேன். போய்ப் பாருங்க.”

மறுநாள் காலை அவள் முதல் வேலையாக மேஜைக்கு அடியில் குனிந்து பெட்டியைப் பார்த்தாள். மார்க்கர் எழுத்து இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் மருத்துவமனையின் சொத்து எண் ஸ்டிக்கர், நல்ல அகலமாக, மேலே பளபளவென்று பிளாஸ்டிக் பூச்சோடு ஒட்டியிருந்தது. ஸ்டிக்கரின் ஓரத்தில் கறுப்பு மையின் வால் ஒன்று மட்டும் வெளியே தெரிந்தது.

உரிக்க விரல் துடித்தது. உரித்தால் மருத்துவமனைச் சொத்தைச் சேதப்படுத்தியதாக இன்னொரு காகிதம் வரும். விரலை மடக்கிக்கொண்டாள். நிமிர்ந்து, விளக்கக் கடிதத்துக்கான தாளை எடுத்து ஒரே வரி எழுதினாள்: ‘என் விளக்கத்தை ஸ்கேன் அறையில், விசாரணைக் குழுவின் முன்னிலையில், செய்து காட்டுகிறேன்.’

அன்று மாலை ஒயரைப் பிடித்து உட்காரவைத்துக் கணக்குப் போட்டாள். நானூறு படம், ஒவ்வொன்றும் அரை மெகாபைட். அதை எட்டால் பெருக்கி பிட் ஆக்கு. முப்பத்தொரு ரயில் பெட்டி வேகத்தால் வகு. முகவரி, தலைப்பு என்று ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தோடும் கூடவே போகும் சுமைக்கு நூற்றுக்கு ஐந்து சேர். அவன் போனில் போட்டான். அவள் கையால் போட்டாள். இரண்டும் ஒன்றாக வரும்வரை அவனுக்குச் சாப்பாடு இல்லை. மூன்றாம் முறை ஒன்றாக வந்தது.

விசாரணை வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு. ஸ்கேன் அறை சின்னது. நிர்வாகி, தலைமை மருத்துவமனையிலிருந்து வந்த பணியாளர் பிரிவு அம்மாள், லேமினேஷன் மூவரும் மூன்று நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். லேமினேஷன் மடியில் ஒரு கோப்பு. கோப்பின் அட்டையும் லேமினேட் ஆகியிருந்தது.

நிர்வாகி தொண்டையைச் செருமினார். “சொல்லும்மா. சுருக்கமா.”

“சுருக்கமா முடியாது சார். பதினஞ்சு நிமிஷம் ஆகும்.”

ஒட்டிய உறை ஒன்றைப் பணியாளர் பிரிவு அம்மாளிடம் கொடுத்தாள். “இதுல ஒரு நேரம் எழுதியிருக்கேன் மேடம். கடைசியில பிரிங்க. இப்ப நானூறு படத்தை லேமி…” நாக்கைக் கடித்துக்கொண்டாள். “கணினி மேலாளர் சாரே அனுப்பட்டும். அவர் விரல், அவர் அழுத்தறது. நான் சுவர் ஓரமா நிக்கறேன். யாராவது கடிகாரம் பாருங்க.”

லேமினேஷன் சிரித்துக்கொண்டே வந்து, கை விரல்களை ஒரு முறை சொடுக்கிவிட்டு, அழுத்தினார். உடனே எடுத்தார். அழுத்துவது எப்படி என்று ஒரு பாடம் நடத்தியதைப்போல் சுற்றிப் பார்த்தார்.

பதினேழு நொடி போனது. பட்டை தொடங்கிய இடத்தில் பச்சையாக ஒரு மயிரிழை தெரிந்தது.

“சூடாகணும்” என்றார் லேமினேஷன்.

ஒரு நிமிடம். இரண்டு. நிர்வாகி கடிகாரத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், சுவரில் ‘கதவை மெதுவாகச் சாத்தவும்’ படித்தார். நான்காவது நிமிடம் பணியாளர் பிரிவு அம்மாள் கொட்டாவியை அடக்கினார். ஆறாவது நிமிடம் லேமினேஷன் எழுந்து திரையைத் தட்டினார்.

“பொத்தானைப் பிடிச்சுக்கிட்டே இருந்துட்டீங்களா சார்?” என்று அக்கா அடக்கமாகக் கேட்டாள்.

எட்டாவது நிமிடத்தில் அந்த அறையில் ஒருவர் மூச்சு விடுவது மற்றவருக்குக் கேட்டது. யாராவது எழுந்து போனால் பரவாயில்லை என்று எல்லாருக்கும் இருந்தது. விதிப்படி விசாரணை முடியும்வரை யாரும் எழக் கூடாது. இந்தப் பட்டையைத்தான் அவள் தினமும் பன்னிரண்டு முறை, பக்கத்தில் ஓர் உயிரை வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறாள்.

பட்டை வலது ஓரத்தைத் தொட்டபோது நிர்வாகியின் கடிகாரம் பதினான்கு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி காட்டியது. பணியாளர் பிரிவு அம்மாள் உறையைப் பிரித்தார். ‘14 நிமிடம் 50 நொடி’ என்று இருந்தது. அவர் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு நிர்வாகியிடம் நீட்டினார்.

“இது எப்படிம்மா முன்னாடியே தெரியும்?”

“லைன் ரெண்டு மெகாபிட்னு தெரிஞ்சா தெரியும் மேடம். நூறுங்கறது மேஜைக்கும் பெட்டிக்கும் நடுவுல மூணு முழத்துக்கு மட்டும்தான்.”

“அதெப்படி?” லேமினேஷன் சுவரைக் காட்டினார். “அட்டவணையில நூறுன்னு இருக்கே!”

“அட்டவணையை எழுதினது யாரு சார்?”

லேமினேஷன் கையிலிருந்த கோப்பைத் திறந்து புரட்டினார்.

“மேஜைக்கு அடியில பெட்டி இருக்கு. அது மேல நீங்க ஒட்டின சொத்து எண் ஸ்டிக்கர் இருக்கு. நீங்களே உரிங்க. நான் தொட்டா தப்பு.”

அவர் நிர்வாகியைப் பார்த்தார். நிர்வாகி குனியச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். லேமினேஷன் மேஜைக்கு அடியில் மண்டியிட்டுப் பெட்டியை இழுத்து, நகத்தால் சுரண்டினார். அவருடைய ஸ்டிக்கர் சுலபத்தில் வருமா? தரமான வேலை. கீற்றுக் கீற்றாகக் கிழிந்து வந்தது. அடியில் கொழுந்தனின் கோணல் கையெழுத்து, அழியாமல்: ‘ஈ-ஒன், 2 எம்’. கீழே இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

பிறகு நிர்வாகி, இப்படிப்பட்ட நேரங்களுக்கென்றே வைத்திருக்கும் குரலை எடுத்தார்.

“சரிம்மா. சந்தோஷம். குற்றப்பத்திரிகை வாபஸ். ‘தொழில்நுட்பக் காரணங்களால் தாமதம்’னு எழுதி மூடிடலாம். பார்க்கப் போனா ரெண்டு பேரும் சொன்னது சரிதான். இந்தப் பக்கம் நூறு, அந்தப் பக்கம் ரெண்டு.”

“படம் அந்தப் பக்கம்தானே சார் போகணும்?”

“விடும்மா. உனக்கு வேலை இருக்கு, அது போதாதா? இந்த விஷயம் இந்த அறையோட இருக்கட்டும்.”

“அந்த டிரைவர் வீட்ல என்ன சொல்லப் போறீங்க?”

நிர்வாகி லேமினேஷனைப் பார்த்தார். லேமினேஷன் தன் முழங்கால் தூசியைத் தட்டினார்.

“அவங்ககிட்ட ‘ஊழியர் தாமதம்’னு ஏற்கெனவே சொல்லியாச்சு” என்றார் நிர்வாகி. “இப்ப மாத்திச் சொன்னா ஏன், எதுக்குன்னு கேள்வி வரும். அவங்களுக்கு எதையும் எழுத்துல கொடுக்கல. வாய் வார்த்தைதான்.”

“வாய் வார்த்தைதான்.” அக்கா அதை மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். இத்தனை நாள் உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது அந்த நிமிடம் அடங்கிவிட்டதுபோல் இருந்தது. உண்மையில் அடங்கவில்லை. போக வேண்டிய இடம் எது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. “என் வேலை எனக்கு இருக்கணும். அந்தம்மா ஆயுசுக்கும் என்னைத் திட்டிக்கிட்டே இருக்கணும். உங்க அட்டவணை மட்டும் தண்ணி பட்டாலும் அழியாம சுவர்ல இருக்கணும். அப்படித்தானே சார்?”

“குரலை உயர்த்தாதே.”

“நான் இன்னும் உயர்த்தவே இல்ல.”

அவள் கதவைத் திறந்தாள். மெதுவாக இல்லை. அது சுவரில் மோதியதில் அட்டவணையின் ஒரு மூலை பெயர்ந்து தொங்கியது. எதிரே, வெள்ளிக்கிழமை என்பதால், பெஞ்சில் டிரைவரின் மனைவி கணவனின் செருப்பை மடியருகில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, கொஞ்சம் உள்ள வாங்க.”

“எதுக்கு?”

“அன்னிக்கு ஒண்ணு கேட்டீங்களே. பதினஞ்சு நிமிஷம் என்ன பண்ணிட்டிருந்தேன்னு. வாங்க, காட்டறேன்.”

“ஏம்மா, நோயாளி வீட்டு ஆளையெல்லாம் இங்க கூட்டிட்டு…” என்று நிர்வாகி பாதி எழுந்தார்.

“மேடம்,” அக்கா பணியாளர் பிரிவு அம்மாளைப் பார்த்தாள், “விளக்கம் கேட்டது நீங்க மட்டும் இல்ல. இவங்கதான் முதல்ல கேட்டாங்க. இவங்களுக்குச் சொல்லாம என் விளக்கம் முடியாது.”

பணியாளர் பிரிவு அம்மாள் நிர்வாகியைப் பார்க்கவில்லை. கையிலிருந்த உறையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். “உக்காரட்டும்” என்றார்.

அக்கா தன் நாற்காலியை டிரைவரின் மனைவிக்குப் போட்டாள். திரைக்கு நேர் எதிரே. அந்தப் பெண் செருப்பை விடாமல் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தாள். அக்கா அதே நானூறு படத்தை எடுத்தாள்.

“உங்க வீட்டுக்காரருக்கும் இத்தனை படம்தான். பதினொண்ணு ஆறுக்கு அழுத்தினேன். இந்தா, இப்படி.” அழுத்தினாள். “இதுக்கு மேல நான் செய்யறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. இந்தப் பச்சை அந்த ஓரத்துக்குப் போகணும். பார்த்துட்டே இருங்க.”

அந்தப் பெண் பார்த்தாள். ஒரு நிமிடம் போனது. இரண்டு. அவள் கண் பட்டையை விட்டு அகலவில்லை.

“இவ்வளவு மெதுவாவா?” என்றாள் மூன்றாவது நிமிடத்தில்.

“இவ்வளவு மெதுவாத்தான். வேகமான லைன்னு நெனச்சு இதை வாங்கினவங்க, முப்பத்தெட்டு தடவை நான் சொல்லியும் வந்து பார்க்கல.”

“யாரு?”

அக்கா பதில் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. லேமினேஷன் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, முழங்கால்களுக்கு நடுவே வழி பார்த்து, கதவுப் பக்கம் நழுவிக்கொண்டிருந்தார்.

டிரைவரின் மனைவி திரும்பினாள். செருப்பைத் தரையில் வைத்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு, அதன் மேல் முதுகைச் சாய்த்து நின்றாள்.

“எங்க சார் போறீங்க?” என்றாள். “இன்னும் கால்வாசிகூட ஆகல. உக்காருங்க. அன்னிக்கு எங்க வீட்டுக்காரர் இது முடியற வரைக்கும் படுத்துட்டுதானே இருந்தாரு.”